யாருடைய மைதானத்தில் ஆடுவது? சூப்பர் லீக் ரக்பி கிளப்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

வட இங்கிலாந்தில் ஒரு ரக்பி லீக் கிளப்பின் ரசிகர்கள் கூடினால், எந்த வீரரை வாங்க வேண்டும், எந்தப் பயிற்சியாளரை அனுப்ப வேண்டும் என்றுதான் பேச்சு ஓடும். அந்த வீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்பதை, பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த வேறொரு முடிவு தீர்மானித்திருக்கும். அது மைதானத்தைப் பற்றிய முடிவு. கால்பந்துக் கிளப்போடு பெரிய அரங்கத்தைப் பங்கு போட்டுக்கொள்வதா, அடுத்தவர் கட்டிய புது அரங்கத்தில் வாடகைக்கு இருப்பதா, பழைய மைதானத்தை விற்றுப் புதிதாகக் கட்டுவதா, இருக்கிற பழைய இடத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிடுவதா? இந்த நான்கு வழிகளிலும் போன கிளப்கள், இங்கிலாந்து ரக்பி லீக்கின் உயர்ந்த பிரிவான சூப்பர் லீக்கில் ஆடியிருக்கின்றன. அவற்றை வைத்து, ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை கூட்டம் வரும் நடுத்தரக் கிளப் ஒன்றுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டத்தின் அளவைவிட, அந்தக் கூட்டம் செலவழிக்கும் பணம் யாருடைய கல்லாவில் விழுகிறது என்பதே பெரிது.

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இலங்கையின் பள்ளிகளில் ஆடுவதும் அதுதான். ரக்பி லீக் 13 பேர் ஆட்டம். பிறந்த கதையே பணத்தைப் பற்றியது. சனிக்கிழமை ஆடப்போனால் ஆலையிலும் சுரங்கத்திலும் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டிக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று யார்க்‌ஷயர், லங்காஷயர் கிளப்கள் கேட்டன. ரக்பியை நிர்வகித்த தெற்கத்திய கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்குக் கிளப்கள் தனியாகப் பிரிந்தன. தொழிலாளியின் கூலியை ஈடுகட்ட வேண்டுமென்றால் வாசலில் காசு வசூலாக வேண்டும். அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் உயிர் வாசல் வசூலில் இருக்கிறது.

இடையில் தொலைக்காட்சி வந்து அந்தக் கவலையைக் கொஞ்ச காலம் மறக்கடித்தது. 1996-இல் சூப்பர் லீக் தொடங்கியபோது முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் ஐந்தாண்டுகளுக்கு 8.7 கோடி பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு, குளிர்கால ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றியது. உச்சக் காலத்தில், அதாவது 2021 வரை ஓடிய ஒப்பந்தத்தில், ஸ்கை தொலைக்காட்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி பவுண்டு தந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் அது சுமார் 2.5 கோடி. 2024-இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் சுமார் 2.15 கோடி. ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல் தன் கிளப்களுக்குத் தரும் மானியமே வீரர்களின் சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிடும். அங்கே கூட்டம் குறைந்தால் மானப்பிரச்சினை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் அப்படியில்லை. மத்தியிலிருந்து வரும் பங்கு சுருங்கச் சுருங்க, மீதியைக் கிளப்பே உள்ளூரில் தேட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தேட முடியும்? ஒரு கணக்குப் போடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. சராசரியாக 5,000 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 18 பவுண்டு டிக்கெட் என்று வையுங்கள். அதில் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருப்பதால் கையில் நிற்பது 15 பவுண்டு. ஆண்டுக்கு 13 உள்ளூர் ஆட்டங்கள் என்றால் 9,75,000 பவுண்டு. சூப்பர் லீக்கின் சம்பள உச்சவரம்பு சுமார் 21 லட்சம் பவுண்டு. ஆக, நிரம்பாத ஒரு மைதானத்தின் மொத்த டிக்கெட் வசூலும் வீரர்களின் சம்பளத்தில் பாதியைத் தொடவில்லை. காவல், மருத்துவக் குழு, வாயில் பணியாளர், இளையோர் அணி எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது அதே 5,000 பேர் ஆளுக்கு ஒரு பியரும் ஒரு தின்பண்டமும் வாங்கி, அதில் 3 பவுண்டு லாபம் நிற்கிறது என்று வைத்தால், ஆண்டுக்கு 1,95,000 பவுண்டு. ஆட்டமில்லாத 350 நாட்களில் அதே கட்டடத்தில் திருமணம், மாநாடு, கிறிஸ்துமஸ் விருந்து நடத்தினால் இன்னொரு தொகை. அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை விற்றால் வேறொன்று. வாகன நிறுத்தம், விளம்பரப் பலகைகள் தனி. இவையெல்லாம் கிளப்புக்கு வருமா, நிலச் சொந்தக்காரருக்குப் போகுமா என்பது குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சமையலும் அலங்காரமும் மண்டபக்காரரிடமே என்ற நிபந்தனையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது உடனே புரியும்.

கால்பந்தோடு பங்கு

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் எல்லாருக்கும் பிடித்த வழி இது. நகராட்சிக்கு ஒரே செலவில் இரண்டு கிளப்களைத் திருப்திப்படுத்தலாம். ரக்பிக் கிளப்புக்கோ தன்னால் ஒருநாளும் கட்ட முடியாத அரங்கம் கிடைக்கிறது. 1994-இல் திறந்த ஹடர்ஸ்ஃபீல்டு அரங்கம் இதற்கு முன்மாதிரி. நகராட்சிக்கு 40, கால்பந்துக் கிளப்புக்கு 40, ரக்பிக்கு 20 என்று பங்கு பிரித்து ஒரு நிறுவனம் அமைத்தார்கள். கட்டடக்கலைக்காகப் பாராட்டப்பட்ட அரங்கம், சுமார் 24,000 இருக்கைகள்.

சிக்கல் அந்த இருக்கைகளில்தான். ஹடர்ஸ்ஃபீல்டு ஜயன்ட்ஸ் 2013-இல் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த அணி. உரிமையாளர் கென் டேவி பல்லாண்டுகளாகத் தன் பணத்தைப் போட்டுக் காப்பாற்றிவந்த கிளப். ஆனாலும் கூட்டம் நாலைந்தாயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. 24,000 பேர் உட்காரும் இடத்தில் ஐயாயிரம் பேர் கத்தினால் சத்தம் காற்றில் கரைந்துவிடும். தொலைக்காட்சியில் காலி நாற்காலிகள்தான் தெரியும். இதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு: எந்த நாளில் போனாலும் இடம் கிடைக்கும் என்று தெரிந்தால், சீசன் டிக்கெட்டை முன்கூட்டி எதற்கு வாங்க வேண்டும்? மழை பெய்தால் வீட்டில் இருந்துவிடலாம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரும் சீசன் டிக்கெட் பணம்தான் பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கும் வரை கிளப்பின் மூச்சு. அந்த அவசரத்தை அரங்கத்தின் அளவே கொன்றுவிடுகிறது.

ஹல் எஃப்சிக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2002 டிசம்பரில் திறந்த, நகராட்சிக்குச் சொந்தமான அரங்கத்தை ஹல் சிட்டி கால்பந்தோடு பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் அது ரக்பி ஊறிய ஊர். பத்தாயிரத்துக்கு மேல் இயல்பாக வரும். விகன் கதை இன்னும் பாடம் தருவது. 1959-இல் செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 47,747 பேர் கூடிய சென்ட்ரல் பார்க்கை, கடன் நெருக்கடியில் விற்றார்கள். அது டெஸ்கோ என்ற பெருங்கடையாயிற்று. 1999-இல் அணி, விகன் அத்லெட்டிக் கால்பந்துக் கிளப்பின் அன்றைய உரிமையாளர் டேவ் வீலன் கால்பந்துக்காகவும் ரக்பிக்காகவும் கட்டிய அரங்கத்துக்கு விருந்தாளியாகப் போனது. கோப்பைகள் தொடர்ந்தன என்பது உண்மைதான். ஆனால் மைக் டான்சன் 2023-இல் விகன் அத்லெட்டிக், ரக்பிக் கிளப் இரண்டையும் தன் வசமாக்கிய பிறகே, இரு கிளப்புக்கும் அரங்கத்துக்கும் ஒரே கை வந்தது. அடுத்த ஆண்டு, 2024-இல், விகன் நான்கு கோப்பைகளையும் அள்ளியது. அரங்கம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல இளையோர் அமைப்பும் பயிற்சியாளரும் காரணம். ஆனால் நிச்சயமின்மை நீங்கிய கிளப்பின் நடையே வேறு.

பங்கு போடுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ரக்பி லீக் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை. கால்பந்து ஆகஸ்டில் தொடங்கி மே வரை. புல்தரைக்கு ஓய்வே இல்லை. ரக்பியின் பிளே-ஆஃப் வரும் செப்டம்பரில், கால்பந்து அட்டவணை ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.

வாடகை வீடு

இரண்டாவது வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். சால்ஃபோர்டு அதற்கு ரத்த சாட்சி. 1901 முதல் ஆடிவந்த தி வில்லோஸ் மைதானத்தை விட்டு, 2012-இல் பார்டனில் நெடுஞ்சாலை ஓரம் கட்டப்பட்ட 12,000 பேர் அரங்கத்துக்குப் போனார்கள். நகராட்சியும் பீல் என்ற நில வணிக நிறுவனமும் சேர்ந்து கட்டிய இடம். சேல் ஷார்க்ஸ் என்ற யூனியன் கிளப்பும் அங்கேதான். வீடுகளுக்கு நடுவே, நடந்தே போய்வந்த ரசிகர்கள், இப்போது கார் எடுத்துக்கொண்டு நகரத்தின் ஓரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அணி நன்றாக ஆடாமலில்லை: 2019-இல் லீக் பட்டத்துக்கான கிராண்ட் ஃபைனல், 2020-இல் சேலஞ்ச் கோப்பை இறுதி. இரண்டிலும் தோல்வி என்றாலும், அந்தப் பட்ஜெட்டுக்கு அது அசாத்தியம். கூட்டம் மட்டும் அதற்கேற்பப் பெருகவில்லை, பெருகியிருந்தாலும் கட்டடம் கிளப்புடையதில்லை.

2025 பிப்ரவரியில் புதிய உரிமையாளர்கள் வந்தும் பணம் வரவில்லை. செலவுக் கட்டுப்பாட்டால் முதன்மை வீரர்களைக் களமிறக்க முடியாமல், முதல் ஆட்டத்தில் செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றார்கள். சம்பளம் தாமதமாயிற்று, வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், ஆண்டு இறுதியில் வரி பாக்கிக்காக நீதிமன்றம் கிளப்பைக் கலைத்தது. முதல் காரணம் நிர்வாகக் கோளாறு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நெருக்கடி வந்தபோது அடகு வைக்கவோ, வாங்குபவரிடம் காட்டவோ அந்தக் கிளப்பின் கையில் ஒரு செங்கல்கூட இல்லை.

லண்டன் கிளப்பின் வரலாறு இதையே நீட்டிச் சொல்கிறது. 1980 செப்டம்பரில் ஃபுல்ஹாம் என்ற பெயரில் கிரேவன் காட்டேஜில் விகனுக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்துக்கு 9,554 பேர் வந்தார்கள். அருமையான தொடக்கம். பிறகு கிரிஸ்டல் பேலஸ், சார்ல்டன், பிரென்ட்ஃபோர்டு, ட்விக்கன்ஹாம் ஸ்டூப், பார்னெட், ஈலிங், விம்பிள்டன் என்று நாற்பதாண்டாகப் பெட்டி தூக்கிக்கொண்டு அலைந்தது. ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு பகுதி ரசிகர்கள் பின்தங்கிப்போனார்கள். அப்பாவோடு உட்கார்ந்த அதே படிக்கட்டில் மகனோடு உட்கார முடியாத விளையாட்டில் தலைமுறை தொடர்வது கடினம்.

விற்றுக் கட்டியவர்கள்

செயின்ட் ஹெலன்ஸும் வாரிங்டனும் இந்த வழியில் வென்றவர்கள். வாரிங்டன் பழைய வில்டர்ஸ்பூலை விட்டு, மதுபான ஆலை இருந்த இடத்தில் டெஸ்கோ கடையோடு சேர்த்துக் கட்டிய ஹாலிவெல் ஜோன்ஸ் அரங்கத்துக்கு 2004-இல் போனது. சுமார் 15,000 பேர் கொள்ளளவு, நகர மையத்துக்கு நடக்கும் தூரம், இரண்டு பக்கம் நின்று பார்க்கும் படிக்கட்டு. செயின்ட் ஹெலன்ஸ், 1890 முதல் ஆடிய நோஸ்லி ரோட்டை வீட்டுமனைக்கு விற்று, கண்ணாடித் தொழிற்சாலை இருந்த நிலத்தில் 18,000 பேருக்கான அரங்கத்தை 2012-இல் திறந்தது. அங்கேயும் டெஸ்கோதான் துணை. இடைப்பட்ட 2011 சீசன் முழுவதும் பக்கத்து ஊரான வித்னஸில் ஆடினார்கள். பின்னர் 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள்.

விகனும் செயின்ட் ஹெலன்ஸும் பழைய மைதானத்தை விட்டன; இரண்டு கதையிலும் டெஸ்கோ இருக்கிறது. ஒன்று கடனை அடைத்து விருந்தாளியானது, மற்றொன்று விற்ற பணத்தைக் கட்டடமாக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஒப்பிட வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் இன்று ஒரு கிளப் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க முடியுமா? எனக்கு நம்பிக்கையில்லை. பெருங்கடைகள் நிலம் தேடி அலைந்த காலம் அது. 2015 ஜனவரியில் டெஸ்கோ 43 கடைகளை மூடுவதாகவும் 49 புதுக் கடைத் திட்டங்களைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. அத்தோடு அந்த அலை ஓய்ந்தது. கடைகளுக்குப் பதில் கிடங்குகளை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை வேக்ஃபீல்டு சொல்லும். எம்62 நெடுஞ்சாலையின் 30-ஆம் சந்திப்பு அருகே நியூமார்க்கெட் என்ற இடத்தில், பெரிய கிடங்கு வளாகத்துக்கு 2012-இல் அனுமதி கிடைத்தது. கட்டடங்களுக்குக் கட்டுப்பாடுள்ள பசுமை வளைய நிலத்தில் அனுமதி கிடைக்க முக்கியக் காரணமே, அதில் ஒரு சமூக அரங்கமும் வரும் என்ற வாக்குறுதி. 60,000 சதுர மீட்டர் கட்டியபின் அரங்கம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் வந்த பிரம்மாண்டக் குளிர்பதனக் கிடங்கு தனி அனுமதியில் கட்டப்பட்டதால், அந்தப் பரப்பு கணக்கில் சேரவில்லை. கிடங்கு எழுந்தது, அரங்கம் எழவில்லை. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் நகராட்சிக் கூட்டங்களில் மன்றாடினார்கள். அடுத்தவருடைய லாபத்தின் வாலில் உன் மைதானத்தைக் கட்டிவிடாதே என்று எந்தக் கிளப்பிடமும் சொல்வேன்.

இருந்த இடத்திலேயே

அந்த வேக்ஃபீல்டுதான் நான்காவது வழிக்கும் சாட்சி. பெல் வியூ, இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய மைதானம். புது அரங்கக் கனவு கலைந்தபின், அதையே மீட்டு, பொதுப்பணத்தின் துணையோடு கிழக்குப் பக்கத்தில் பார்வையாளர் அமரும் ஒரு புதுக் காட்சியரங்கை எழுப்பினார்கள். விருந்து அறைகளும் விழா மண்டபமும் கொண்ட ஒரே ஒரு பக்கம். மற்ற பக்கங்கள் பழைய படிக்கட்டு. 2023-இல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்த நிலையிலும் உள்ளூர்த் தொழிலதிபர் மாட் எல்லிஸ் கிளப்பை வாங்கினார். தன் நிறுவனத்தின் பெயரையே மைதானத்துக்கு வைத்தார். 2024-இல் கீழ்ப்பிரிவை வென்று மேலே வந்து, 2025-இல் பிளே-ஆஃப் வரை போனார்கள். ஓரளவே கொள்ளும் மைதானம் அடிக்கடி நெருங்கி நிரம்பும்போது, அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காதோ என்ற பயம் வருகிறது. அந்தப் பயம்தான் சீசன் டிக்கெட்டை விற்கிறது.

லீட்ஸ் இதே வழியைப் பெரிய அளவில் செய்தது. 1996-இல் நொடிந்துகொண்டிருந்த கிளப்பைப் பால் கேடிக்கும் கேரி ஹெதரிங்டனும் எடுத்தபோது, ஹெடிங்லி மைதானத்தை விற்றுவிட்டு நகருக்கு வெளியே போகும் யோசனை யாருக்கும் எளிதாக வந்திருக்கும். அவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். தெற்கு, வடக்குக் காட்சியரங்குகளை 2017-க்கும் 2019-க்கும் இடையில் புதிதாகக் கட்டினார்கள். வடக்குக் கட்டடத்தின் ஒரு முகம் ரக்பியைப் பார்க்கிறது, மறுமுகம் கிரிக்கெட் மைதானத்தைப் பார்க்கிறது. ஒரே சமையலறை, ஒரே விருந்து மண்டபம், இரண்டு விளையாட்டு. கட்டும் காலத்தில் கூட்டம் குறைந்தது, அணியும் தடுமாறியது. அந்த விலையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்த வழியின் குறை வேகம். ஒரு பக்கம் கட்ட ஐந்தாண்டு, அடுத்த பக்கத்துக்கு இன்னொரு ஐந்தாண்டு. உரிமையாளரின் பொறுமையும் பணமும் அதுவரை நிற்க வேண்டும்.

விலையைக் குறைத்தால் கூட்டம் வருமே?

வரும். ஆனால் இது மைதானத்தைப் பொறுத்த கேள்வி. பார், உணவு, வாகன நிறுத்தம் கிளப்புடையதென்றால் டிக்கெட்டை மலிவாக்குவதில் நியாயம் உண்டு. உள்ளே வந்தவர் வேறு வழியில் ஈடுகட்டிவிடுவார். எல்லாம் நிலச் சொந்தக்காரருக்குப் போகிறதென்றால், மலிவு டிக்கெட் அவருடைய கடைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதில் முடியும். இலவச டிக்கெட்டை அள்ளி வீசிக் காகிதத்தில் கூட்டம் காட்டுவதை நான் அறவே வெறுக்கிறேன். முழு விலை கொடுத்த சீசன் டிக்கெட்காரருக்கு அது செய்யும் அவமதிப்பு அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் தெரியும்.

எந்தக் கிளப் சூப்பர் லீக்கில் ஆடலாம் என்பதைத் தீர்மானிக்க, ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்த தரப்புள்ளி முறை வந்தபின் இந்தச் சபலம் கூடியிருக்கிறது. மொத்தம் 20 புள்ளி: ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, அரங்கத்துக்கு 3, சுற்றுவட்டாரத்துக்கு 2.5. கூட்ட எண்ணிக்கை ரசிகர் பலத்தில் வருகிறது. அதை மட்டும் துரத்துபவர்கள், மத்தியப் பங்கு தவிர்த்த சொந்த வருமானமும் இதே பட்டியலில் எடை போடப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. மைதானம் கைவசம் உள்ள கிளப் ஒரே செலவில் மூன்று தலைப்புகளில் புள்ளி சேர்க்கிறது.

இதற்கு முன், உள்ளூர் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டி வருமானம் பார்க்கும் வழி இருந்தது: 12 அணிகள் இருமுறை மோதினால் 22 ஆட்டம், அதை 27-ஆக்க, ஒரே எதிரியை மூன்றாம் முறையும் சந்தித்தார்கள். ரசிகர்களுக்குச் சலித்துவிட்டது. 2026-இல் 14 அணிகள் ஆனதால் அந்த ஒட்டு ஆட்டங்களுக்கு அவசியம் போயிற்று. பதிலுக்கு மத்தியப் பணத்தைப் பங்கிடும் கைகள் கூடின.

அந்த 14-இல் ஒன்று பிராட்ஃபோர்டு. நடுத்தரக் கிளப் என்று நான் சொல்லிவந்ததற்கு, இன்று இதைவிட அவசரமான உதாரணம் இல்லை. 1954-இல் சேலஞ்ச் கோப்பை மறு இறுதி ஆட்டத்துக்கு 1,02,569 பேர் வந்ததாகப் பதிவான ஓட்சல் அவர்களுடைய வீடு. குப்பை மேட்டுப் பள்ளத்தில் உருவான, நகராட்சி நிலத்திலுள்ள மாபெரும் கிண்ணம். 1997, 2001, 2003, 2005 ஆண்டுகளில் பட்டம் வென்ற அந்தக் காலத்தில் சராசரியாக 15,000 வரைகூடக் கூட்டம் வந்தது. அந்தப் பணத்தில் மைதானம் எழவில்லை. 2001, 2002 சீசன்களைக் கால்பந்துக் கிளப்பின் வேலி பரேடில் ஆடிவிட்டுத் திரும்பியபோதும், சொன்ன புது ஓட்சல் இல்லை. 2012 ஜனவரியில் குத்தகையை ஆட்டத்தின் நிர்வாக அமைப்பான ஆர்எஃப்எல்-க்கு விற்றார்கள். சில வாரங்களில் ரசிகர்களிடம் ஆளுக்கு 100 பவுண்டு கேட்டுக் கையேந்தினார்கள்; ரசிகர்கள் கொடுத்தார்கள், ஆனாலும் அதே ஆண்டு கிளப் நொடித்தது. 2014, 2016 என்று மீண்டும் மீண்டும் நொடித்து, 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டது. புதிதாகப் பதிவான கிளப், 12 புள்ளிகள் கழிக்கப்பட்ட நிலையில் தொடங்கியது.

இப்போது பெரிய பிரிவுக்குத் திரும்பியிருக்கும் அவர்களுக்கு என் தேர்வு இது: வேலி பரேடுக்கு மறுபடி விருந்தாளியாகப் போக வேண்டாம், யாரோ ஒரு கட்டுமானக்காரர் காட்டும் புது அரங்க வரைபடத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஓட்சலிலேயே, வேக்ஃபீல்டு செய்ததுபோல, கூரையும் விருந்து அறைகளும் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் கட்டலாம். மீதிக் கிண்ணத்தில் 10,000 பேருக்கு மேல் விற்காமல் இறுக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு செங்கல் வைக்கும் முன், 2012-இல் கைவிட்டுப்போன குத்தகை நீண்ட காலத்துக்குக் கிளப் பெயரில் எழுதப்பட வேண்டும்; உணவும் பானமும் விழாக்களும் பெயர் உரிமையும் கிளப்புக்கே என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். நகராட்சி அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், புதிய வீரர்களுக்கான பட்ஜெட்டை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குச் சுருக்கி, அந்தப் பேச்சுவார்த்தையையே கிளப்பின் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.